கோரல் பியூட்டிக்கு எத்தனை அடி டேங்க்? சில வருடம் வளர்த்த பிறகு

கோரல் பியூட்டி என்ற கடல்மீனை (ட்வார்ஃப் ஏஞ்சல் எனப்படும் சிறிய ஏஞ்சல் மீன்களில் ஒன்று) ரெண்டடி உப்புநீர் டேங்கில் விடலாமா என்று கேட்டால், "தாராளமா விடலாம் சார், சின்ன மீன்தானே" என்றுதான் கடையில் பெரும்பாலும் பதில் வரும். சின்ன மீன்தான். வளர்ந்தாலும் 10 சென்டிமீட்டர் அளவில் நின்றுவிடும். ஆனால் விளக்கு எரிகிற நேரம் முழுக்க ஓர் இடத்தில் நிற்காது. பாறை இடுக்கில் நுழையும், அந்தப் பக்கம் வரும், பாசியை நாலு கொத்து கொத்தும், அடுத்த இடுக்குக்குப் போகும். இந்த ரோந்துக்கு இடம் இருக்கிறதா என்பதுதான் டேங்க் வாங்குமுன் பார்க்க வேண்டியது.

என்னிடம் இருப்பது முதலில் மூன்றடி டேங்கில் இருந்தது (3 x 1.5 x 1.5 அடி, சுமார் 190 லிட்டர்). வீடு மாறியபோது நாலடிக்கு மாற்றினேன். அகலமும் உயரமும் அதேதான், கொள்ளளவு சுமார் 255 லிட்டர். அதே மீன், அதே உணவு, பாறையும் பெரும்பாலும் பழையதே. அதனால் வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது.

மூன்றடியில் மீன் ஆரோக்கியமாகத்தான் இருந்தது. நிறம் மங்கவில்லை, சாப்பாட்டில் குறை இல்லை. ஆனால் சாயங்காலமானால் முன்பக்கக் கண்ணாடியை ஒட்டி மேலும் கீழும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். கூட இருந்த ஃபயர்ஃபிஷ் என்ற கூச்ச சுபாவமுள்ள சின்ன மீன் பொந்தை விட்டு வெளியே வந்தாலே துரத்தும். நாலடிக்கு வந்தபின் கண்ணாடி ஓரத்து நடை சில வாரங்களில் நின்றது. துரத்தல் முழுதாக நிற்கவில்லை. ஆனால் ஃபயர்ஃபிஷ் மறு கோடிக்குப் போய்விட்டால் இது விட்டுவிடுகிறது.

கூடுதல் 65 லிட்டர் மட்டும் இதைச் செய்தது என்று நான் நினைக்கவில்லை. பாறையை இரண்டு குவியலாகப் பிரித்து, நடுவே வழி விட்டு அடுக்க முடிந்தது. ஒரே பாறைக்கு இரண்டு எல்லை கிடைத்த மாதிரி. லிட்டரை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் க்யூப் டேங்கில் ஏமாறுவது இங்கேதான். இரண்டடிக்கு இரண்டடிக்கு இரண்டடி க்யூபில் 225 லிட்டர் பிடிக்கும், நாலடிக்குப் பக்கத்தில் வந்துவிடும். நேராக நீந்தக் கிடைப்பது என்னவோ இரண்டடிதான். அதிலும் பாறை பாதியை எடுத்துக்கொள்ளும்.

எல்லா ட்வார்ஃப் ஏஞ்சலுக்கும் ஒரே கணக்கு போட முடியாது. கரீபியன் பக்கத்து செரப் ஏஞ்சல், ஆப்பிரிக்கக் கரையோர ஃப்ளேம்பேக் இரண்டும் 8 சென்டிமீட்டர் அளவுதான், மூன்றடி போதும். (செரப்பின் உருவத்தைப் பார்த்து சாதுவென்று நம்ப வேண்டாம், நல்ல சண்டைக்காரன்.) கோரல் பியூட்டிக்கும் ஃப்ளேம் ஏஞ்சலுக்கும் நாலடி. பைகலர், எய்ப்ள் ஏஞ்சல் இரண்டும் 15 சென்டிமீட்டர் வரை போகும், ஐந்தடிக்குக் குறைந்து நான் யோசிக்கவே மாட்டேன். ஜோடி விட ஆசை என்றால் இன்னும் பெரிதாக வேண்டும். கடலில் இவை ஓர் ஆண், சில பெண்கள் என்று கூட்டமாக வாழ்பவை. எல்லாம் பெண்ணாகத் தொடங்கி, பெரியது ஆணாக மாறும். ஒரே அளவில் இரண்டை விட்டால் யார் பெரியவர் என்று தீரும்வரை அடிதடிதான்.

டேங்க் பெரிதானால் பவளத்தைக் கொத்தாது என்று சிலர் சொல்வார்கள். என் அனுபவம் அப்படி இல்லை. மூன்றடியில் ஸோவாந்திட்களை (பொத்தான் மாதிரி கூட்டமாக வளரும் பவள வகை உயிர்கள்) கொத்தியது, நாலடியிலும் கொத்துகிறது. மூளைப் பவளத்தின் சதையையும் விடவில்லை. லெதர் கோரல், மஷ்ரூம் என்ற மென்மையான பவள வகைகளைத் தொட்டதே இல்லை. நோரியும் (உலர்ந்த கடற்பாசித் தாள்) ஸ்பைருலினா என்ற பாசித்தூள் கலந்த உணவும் தினமும் கொடுத்தால் கொத்தல் குறைகிறது, அவ்வளவுதான். விலை உயர்ந்த பவளம் வைத்திருப்பவர் இந்த மீனைப் பற்றி இரண்டு முறை யோசிக்கலாம்.

செலவுக் கணக்கையும் பார்த்துவிடுங்கள். நாலடி டேங்கில் பத்து சதவீதம் தண்ணீர் மாற்ற 25 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரும் ஏறக்குறைய 900 கிராம் உப்பும் வேண்டும். சென்னை மே மாதத்தில் தண்ணீரை 26 டிகிரியில் வைக்க சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாமல் முடியாது. மின்விசிறி வைத்தால் தண்ணீர் கிடுகிடுவென்று வற்றும். வற்றிய அளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். எடையும் சாதாரணமில்லை. தண்ணீர் மட்டுமே 260 கிலோ. கண்ணாடி, பாறை, ஸ்டாண்டு தனி. மாடி வீடு என்றால் பீம் போகிற சுவரோரமாக வையுங்கள்.

டேங்க் மாற்றும்போது வலை போடாதீர்கள். செவுளுக்குப் பக்கத்தில் இருக்கும் முள் வலையில் சிக்கிக்கொள்ளும், பிய்த்து எடுக்கும்போது மீனுக்குக் காயம். பிளாஸ்டிக் டப்பாவில் ஓட்டிப் பிடித்தேன், பிரச்சினை இல்லை. புது டேங்க் என்றால் பாறையில் பாசி பிடிக்கச் சில மாதம் விடுங்கள். சாதுவான மீன்களையெல்லாம் முதலில் விட்டுவிட்டு ஏஞ்சலைக் கடைசியாக விடுங்கள். முதலில் விட்டால் டேங்க் முழுக்கத் தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளும்.

வீட்டில் இரண்டடிக்கு மேல் இடமே இல்லையென்றால் கோமாளி மீன் ஜோடியும், கோபி என்ற சின்ன அடித்தள மீன் ஒன்றும் விடுங்கள். அந்த அளவுக்கு அவை சரியாக இருக்கும்.