டெஸ்ட் லாம்ப்பா, மல்டிமீட்டரா? சிறிய டிராக்டரில் மின் கோளாறு தேடும்போது

சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது, செல்ஃப் எடுக்கவில்லை. உடனே பேட்டரியை மாற்றுகிறார்கள், அப்புறம் செல்ஃப் மோட்டாரைக் கழற்றுகிறார்கள். பல நேரம் இரண்டிலும் குறை இருக்காது. இடையில் உள்ள ஒரு துருப்பிடித்த இணைப்புதான் காரணமாக இருக்கும். எதையும் கழற்றாமலே அதைப் பிடிக்க டெஸ்ட் லாம்ப், மல்டிமீட்டர் (வோல்ட், ஆம்பியர், ஓம் அளக்கும் கருவி) இரண்டும் உதவும். ஆனால் இரண்டும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதில்லை.

டெஸ்ட் லாம்ப் என்பது ஒரு கிளிப், ஒரு கூர்முனை, நடுவில் ஒரு சின்ன 12 வோல்ட் பல்பு, அவ்வளவுதான். கிளிப்பை பேட்டரியின் நெகட்டிவ்வில் மாட்டி, ஃபியூஸின் இரு முனைகளையும் தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் எரிந்து மறுபக்கம் எரியாவிட்டால் ஃபியூஸ் போய்விட்டது. அதன் பெரிய பலம் வேறு: பல்பு எரிய உண்மையிலேயே மின்னோட்டம் வேண்டும். பச்சை பூத்த கனெக்டர் வழியாக மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டிவிடும். ஏனென்றால் டிஜிட்டல் மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அதே இடத்தில் லாம்ப் மங்கும், அல்லது எரியவே எரியாது. இதற்காகத்தான் பழைய இழை பல்பு வைத்த லாம்ப்பைச் சொல்கிறேன். எல்இடி வைத்தது மிகக் குறைவாகவே இழுப்பதால் மீட்டரைப் போலவே ஏமாறும்.

கிளட்ச், நியூட்ரல், பிடிஓ (இன்ஜினின் சக்தியை இணைப்புக் கருவிகளுக்குக் கொடுக்கும் தண்டு) என்று வரிசையாக நிற்கும் பாதுகாப்பு சுவிட்சுகளைத் தேட லாம்ப்தான் வேகம். கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சோலினாய்டுக்கு (செல்ஃப் மோட்டாருக்குப் பெரிய மின்னோட்டத்தைத் திறந்துவிடும் மின்காந்த சுவிட்ச்) வரும் மெல்லிய வயரைத் தொட்டுக்கொண்டு ஒருவரை சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். நன்றாக எரிந்தால் சுவிட்சுகள் வரை பழுதில்லை. எரியாவிட்டால் ஒவ்வொரு சுவிட்சாகப் பின்னோக்கிப் போங்கள்.

ஸ்க்ரூடிரைவரால் சோலினாய்டைக் குறுக்கே தொட்டு ஸ்டார்ட் செய்வதைச் சிலர் மூன்றாவது வழியாகச் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். அது பாதுகாப்பு சுவிட்சுகள் எல்லாவற்றையும் தாண்டிவிடுகிறது. கியரில் இருந்தால் இன்ஜின் பிடித்த நொடியே வண்டி நகரும், தொட்டவர் சக்கரத்துக்கு முன்னால் நிற்பார். இப்படி உயிர் போயிருக்கிறது.

சரி, மெல்லிய வயரில் மின்சாரம் வருகிறது, சோலினாய்டும் 'டிக்' என்கிறது, மோட்டார் மட்டும் சுற்றவில்லை. இங்கே லாம்ப் கைவிட்டுவிடும். செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கக்கூடியது. லாம்ப்போ ஒரு ஆம்பியருக்கும் கீழே. தளர்ந்த டெர்மினல் லாம்ப்பை நன்றாக எரியவிட்டு, மோட்டாரை மட்டும் பட்டினி போடும். மல்டிமீட்டரின் ஓம் அளவும் (மின்தடையைக் காட்டுவது) இங்கே பொய் சொல்லும்: தடிமனான கேபிளில் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் கிட்டத்தட்ட பூஜ்யம் என்றே காட்டும்.

சரியான சோதனை, சுமை ஓடும்போது வோல்டேஜ் இறக்கத்தை அளப்பது. மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் பாசிட்டிவ் கம்பத்திலும் மறுமுனையை மோட்டாரின் பெரிய போல்ட்டிலும் வையுங்கள். கம்பத்தைப் பிடிக்கும் கேபிள் கிளாம்ப்பில் வைக்காதீர்கள், கம்பத்துக்கும் கிளாம்ப்புக்கும் நடுவில்தான் அழுக்கு ஒளிந்திருக்கும். ஒருவர் சாவியைத் திருப்பும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பாதையில் எங்கோ தடை இருக்கிறது. எர்த் பக்கம், நெகட்டிவ் கம்பத்திலிருந்து மோட்டாரின் உடம்புக்கு, 0.3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். எர்த்தைத்தான் பலர் பார்க்காமல் விடுகிறார்கள். பெயின்ட்டும் சேறும் அடைத்த சேஸிஸ் போல்ட் ஒன்று போதும், முன்விளக்கு முதல் செல்ஃப் வரை எல்லாம் தகராறு பண்ணும்.

சார்ஜிங்கைப் பொறுத்தவரை போட்டியே இல்லை. நிறுத்தி ஓய்ந்த பேட்டரியில் சுமார் 12.6 வோல்ட், இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை. இந்த வித்தியாசத்தை எந்தப் பல்பும் காட்டாது. அதனால் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மல்டிமீட்டரையே வாங்கச் சொல்வேன். மின்னணு கட்டுப்பாட்டுப் பெட்டி, சென்சார் வயர்கள் உள்ள புதிய டிராக்டர்களிலும் அதுதான் பாதுகாப்பு. லாம்ப் இழுக்கும் மின்னோட்டம் அந்தச் சுற்றுகளைக் கெடுத்துவிடலாம்.

இரவோடு இரவாக பேட்டரி இறங்கும் கோளாறில் இரண்டையும் கலந்து பயன்படுத்தலாம். சாவியை எடுத்துவிட்டு நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கம்பத்துக்கும் கேபிளுக்கும் இடையில் முதலில் லாம்ப்பை மாட்டுங்கள். பளிச்சென்று எரிந்தால் கசிவு பெரியது. அது அணையும்வரை ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். எரியவில்லை என்றால் மீட்டரை 10 ஆம்பியர் துளையில் போட்டு அதே இடத்தில் அளக்கலாம். அந்த நிலையில் மட்டும் யாரும் செல்ஃப் போடக் கூடாது, மீட்டரின் உள் ஃபியூஸ் அந்த நொடியே போய்விடும்.