சின்னமனூர்ப் பேக்கிங் கூடத்து ஜி9 வாழை: காசுக்குத் தகுமா?

மதுரையில் பழக்கடை வைத்திருக்கிறேன். ஜி9 என்கிற கிராண்ட் நைன் ரக வாழைக்கு இப்போது சின்னமனூர்ப் பக்கம் ஒரு பேக்கிங் கூடத்தில்தான் சரக்கு எடுக்கிறேன். லாரியில் சருகு போட்டு அடுக்கி வரும் தாரைவிட விலை கூடுதல். ஆனால் அந்தக் காசுக்குத் தகும்.

தாரைச் சீப்பு சீப்பாகப் பிரித்து, பால் வடியவிட்டுக் கழுவி, பாலித்தீன் விரித்த அட்டைப்பெட்டியில் 13 கிலோ வீதம் அடுக்குகிறார்கள். சீப்புகளுக்கு நடுவே ஃபோம் தாள் உண்டு. இது வீண்செலவு இல்லை. காயாக இருக்கும்போது சிராய்ப்பு அவ்வளவாகத் தெரியாது. மஞ்சளானதும் கறுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். வாடிக்கையாளர் முதலில் பார்ப்பதே அதைத்தான்.

பெட்டியைவிட எனக்குப் பெரிதாகப் படுவது குளிர். ஜி9 காய்க்கு 13, 14 டிகிரிதான் சரி. அதற்குக் கீழே போனால் போச்சு. முன்பு வேறோர் இடத்தில் எடுத்தபோது, ஆப்பிளோடு ஒரே கடுங்குளிர் அறையில் வைத்த காயை அனுப்பிவிட்டார்கள். வெளியே பச்சைப்பசேல் என்றுதான் இருந்தது. தோலை நகத்தால் லேசாகச் சீவினால் அடியில் பழுப்புக் கோடுகள் நீளநீளமாக ஓடின. அந்தக் காய் எப்படிப் பழுக்க வைத்தாலும் மஞ்சள் ஏறாது, சாம்பல் பூத்த மாதிரிதான் நிற்கும். காய் வாங்குகிறவர்கள் இப்படிச் சீவிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இந்தக் கூடத்தில் குளிர் அறைக்கு வெளியே காட்டும் வெப்ப அளவை மட்டும் நம்புவதில்லை. ஊசி வெப்பமானியைக் காயின் சதைக்குள் குத்திப் பார்க்கிறார்கள். அறுத்த பிறகும் காய் மூச்சு விடும், சூடு கக்கும். பெட்டிகளை நெருக்கி அடைத்தால் நடுவில் இருப்பது மட்டும் முந்திப் பழுத்துவிடும். அதனால் பெட்டித் துளைகள் நேருக்கு நேர் வரும்படி அடுக்கி, இடைவெளி விட்டுக் காற்றோட வைக்கிறார்கள். இதைப் பார்த்த பிறகுதான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது.

பழுக்க வைப்பது எத்திலீன் வாயுவில். கார்பைடு கல் கிடையாது, அது சட்டப்படியே தடை. 16 முதல் 18 டிகிரியில் ஒரு நாள் வாயு விட்டு, அப்புறம் கதவைத் திறந்து காற்று மாற்றுகிறார்கள். சித்திரை வெயிலில் வெளியே பழுக்கவிட்ட ஜி9 தோல் பச்சையாகவே இருக்க உள்ளே குழைந்துவிடும். 24 டிகிரிக்கு மேல் போனால் அந்தப் பச்சை சரியாகப் போகாது. இங்கே எடுத்தால் கோடையிலும் அந்தத் தொல்லை இல்லை.

குறையும் உண்டு. குளிர் அறை ஈரத்தில் அட்டை நமத்து அடிப்பெட்டி நசுங்கி வருகிறது. அட்டை இன்னும் கனமாக இருக்க வேண்டும். ரஸ்தாளியை இங்கே எடுக்காதீர்கள். பழுத்ததும் சீப்பிலிருந்து உதிர்ந்துவிடுகிறது. அதை நான் இன்னும் தோட்டத்துக்காரர்களிடம் தாராகவே வாங்குகிறேன்.