ஏற்காட்டில் இரண்டு நாள் நிர்வாக மாற்றப் பயிற்சி: கொலுசுப் பட்டறைக்காரர் ஒருவரின் மதிப்புரை

சிறுதொழில் நடத்துவோருக்காக ஒரு தனியார் பயிற்சி நிறுவனம் வேலை முறைகளை மாற்றுவது பற்றி ஏற்காட்டில் நடத்திய இரண்டு நாள் வகுப்புக்குச் சென்ற மாதம் போய் வந்தேன். தங்குமிடமும் உணவும் சேர்த்துக் கட்டணம் 9,000 ரூபாய். அறையும் சாப்பாடும் குறை சொல்லும்படி இல்லை.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் எனக்குத் தீராத தலைவலி சேதாரம். கம்பி இழுப்பவர், வளையம் கோப்பவர், பொடி வைத்து ஊதிப் பற்றவைப்பவர், மெருகு போடுபவர் என்று வெள்ளி கைமாறும் ஒவ்வோர் இடத்திலும் எடை போட்டுக் கொடுத்து எடை போட்டு வாங்குகிறோம். குறைந்தால் கூலியில் பிடித்துக்கொள்கிறோம். பிடிக்கப் பிடிக்கக் குறைவது நிற்கவில்லை என்பதால்தான் இந்த வகுப்பில் சேர்ந்தேன்.

முதல் நாள் காலை ஏமாற்றமே. மாற்றம் பற்றி உளவியலாளர் கர்ட் லெவின் சொன்ன கொள்கையை உருக்கு, மாற்று, உறையவை என்று மூன்று கட்டங்களாகத் திரையில் காட்டி, அவருடைய சிந்தனை முழுவதும் அவ்வளவுதான் என்பதுபோல் முடித்துவிட்டார்கள். 1947இல் வெளியான அவரது நீண்ட கட்டுரையில் அது ஒரு சிறு பகுதி மட்டுமே. நிறுவனங்களின் மாற்ற முயற்சிகளில் 70 விழுக்காடு தோற்கும் என்றும் அடித்துச் சொன்னார்கள். 1993இல் நிர்வாகத் துறை எழுத்தாளர்களான மைக்கேல் ஹாமரும் ஜேம்ஸ் சாம்பியும் தங்கள் நூலில் 50 முதல் 70 விழுக்காடு என்று எழுதியபோது, தொழில்முறைகளை அடியோடு மாற்றியமைக்கும் முயற்சிகளைப் பற்றி மட்டுமே பேசினார்கள். அது அறிவியல் முறைப்படி எடுத்த மதிப்பீடு அன்று என்பதையும் அங்கேயே சொல்லியிருந்தார்கள். அந்த எச்சரிக்கை உதிர்ந்துபோய் எண் மட்டும் ஊர் ஊராகச் சுற்றுகிறது.

பிற்பகலில் வகுப்பெடுத்தவர் வேறொருவர். கட்டணத்தின் பெரும்பகுதி அவருக்கே தகும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க இல்லத்தரசிகளை மாட்டின் இதயம், சிறுநீரகம் போன்றவற்றைச் சமைக்க வைக்க லெவின் செய்த ஆய்வை அவர் பொறுமையாக விளக்கினார். சொற்பொழிவு மட்டும் கேட்டவர்களில் 3 விழுக்காட்டினரே சமைத்தார்கள். தங்களுக்குள் பேசித் தாங்களே முடிவெடுத்த குழுக்களில் 32 விழுக்காட்டினர் சமைத்தார்கள். (குடலையும் ஈரலையும் சொல்லிவைத்து வாங்கும் நம் ஊரில், இதற்கு ஓர் ஆய்வா என்று பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது.)

அடுத்து அவர் சொன்ன நிலக்கரிச் சுரங்கக் கதை என் பட்டறையையே பார்த்துச் சொன்னதுபோல் இருந்தது. பிரிட்டனில் சமூக ஆய்வாளர் எரிக் டிரிஸ்டும், முன்பு சுரங்கத் தொழிலாளியாக இருந்த கென் பாம்ஃபோர்த்தும் 1951இல் வெளியிட்ட ஆய்வு அது. இரண்டு மூன்று பேர் சேர்ந்து தொடக்கம் முதல் முடிவு வரை தாங்களே செய்துவந்த வேலையை, இயந்திரம் வந்தபின் ஷிஃப்டு ஷிஃப்டாகப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒரு ஷிஃப்டு விட்டுச்சென்ற குறை அடுத்த ஷிஃப்டின் தலையில் விழ, ஒருவர்மேல் ஒருவர் பழி போடுவதே வழக்கமாயிற்று. ஊதுபவரைக் கேட்டால் கோப்பவரைக் காட்டுவார், மெருகுக்காரரைக் கேட்டால் ஊதுபவரைக் காட்டுவார் என்ற நிலைக்குக் காரணம் ஆட்களின் குணம் என்றே நான் இத்தனை நாள் எண்ணியிருந்தேன்.

நிர்வாகவியல் அறிஞர் கிறிஸ் ஆர்கிரிஸ் சொன்ன ஒற்றை வளையக் கற்றல், இரட்டை வளையக் கற்றல் என்ற வேறுபாடு இரண்டாம் நாளில் வந்தது. விதியை அப்படியே வைத்துக்கொண்டு தவறை மட்டும் திருத்துவது முதல் வகை. விதியே சரிதானா என்று கேட்பது இரண்டாவது. கூலியில் பிடிப்பது எதில் சேரும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனால் அவரவர் சிக்கலைக் குழுவாக அலச ஒதுக்கியது நாற்பது நிமிடம் மட்டுமே. கையேடும் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. இவ்விரண்டையும் நிறுவனத்தார் திருத்திக்கொள்ள வேண்டும்.

போக நினைப்பவர்கள் தங்கள் கணக்குப் புத்தகத்தைக் கையோடு எடுத்துச் செல்வது நல்லது. நான் திரும்பி வந்தபின், ஊதும் இருவரையும் மெருகு போடுபவரையும் ஒரே இடத்தில் உட்காரவைத்து, எடைக் கணக்கை அவர்களே எழுதும்படி விட்டிருக்கிறேன். கூலியில் பிடிப்பதையும் நிறுத்தி வைத்திருக்கிறேன். மூன்று வாரமே ஆகியிருப்பதால் பலனைப் பற்றி இப்போது எழுதவில்லை.