ஹீட்டர் பிளக் சோதனை: மார்த்தாண்டம் ஒர்க்‌ஷாப் எப்படி?

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக் குளிர் பெரிதல்ல. ஆனாலும் மார்கழி விடியலில் பேச்சிப்பாறைப் பக்கம் பழைய பிரீ-சேம்பர் (டீசல் முதலில் ஒரு சிறு அறையில் எரியத் தொடங்கும் வகை) டீசல் இன்ஜின் ஸ்டார்ட் ஆக, அந்த அறையை முன்கூட்டியே சூடாக்கும் ஹீட்டர் பிளக் நன்றாக இருக்க வேண்டும்.

இந்த ஒர்க்‌ஷாப்பில் எடுத்தவுடன் பிளக்கைக் கழற்றுவதில்லை, அதுவே பிடித்தது. முதலில் பேட்டரி 12.6 வோல்ட் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பிறகு வயரை விடுவித்து, 4 பிளக்கையும் மல்டிமீட்டரில் அளக்கிறார்கள். 1 ஓம் அளவில் இருந்தால் சரி. அளவே காட்டாவிட்டால் உள்கம்பி அறுந்துவிட்டது. கழற்றுவது இன்ஜின் சூடாக இருக்கும்போதுதான். கரி பிடித்த பிளக்கைக் குளிர்ந்தபின் திருகினால் முனை ஒடிந்து, இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டையே இறக்க நேரும்.

கேபின் சூடேறவில்லை என்றால் மட்டும் உடனே ஹீட்டர் கோரை (இன்ஜினின் சூடான கூலன்ட் நீரால் கேபின் காற்றைச் சூடாக்கும் சிறு ரேடியேட்டர்) மாற்றச் சொல்கிறார்கள். சம்மதிக்காதீர்கள். ஓடும்போது டெம்பரேச்சர் முள் கீழேயே கிடந்தால், தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடாகும்வரை கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் தடுக்கும் வால்வு) திறந்தபடி நின்றுவிட்டதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.