வேலைக்குப் போக எந்த சைக்கிள்? நான்கு வகைகளை வைத்து ஓர் அலசல்

வேளச்சேரியிலிருந்து கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டை வரை ஒரு பக்கம் ஆறேழு கிலோமீட்டர் இருக்கும். இந்தத் தூரத்துக்கு நான் வாங்கி ஓட்டிக்கொண்டிருப்பது கியர் இல்லாத ஹைப்ரிட் சைக்கிள். வாங்குவதற்கு முன் நான்கு வகைகளைப் பார்த்தேன்: பழைய பாணி கருப்பு சைக்கிள், ஷாக் அப்சார்பரும் டிஸ்க் பிரேக்கும் கியரும் உள்ள எம்டிபி (மலைப்பாதைக்கென்று வந்த மவுண்டன் சைக்கிள்), ஹைப்ரிட் (எம்டிபிக்கும் ரோடு சைக்கிளுக்கும் நடுவான வகை), பேட்டரி சைக்கிள். என் சாய்வு ஹைப்ரிட் பக்கம்தான். ஏன் என்று சொல்கிறேன், உங்கள் ஊருக்கும் உங்கள் தூரத்துக்கும் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விலை, நிறம், எடை எல்லாம் கடைக்குப் போனாலே தெரிந்துவிடும். கடையில் தெரியாதது ஒன்று இருக்கிறது. காலை எட்டரை மணிக்கு நடுவழியில் வண்டி மக்கர் செய்தால், அந்தத் தெருவிலேயே சரிசெய்ய ஆளும் சாமானும் கிடைக்குமா? ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஈ.சி.ஆரில் ஓட்டுகிற வண்டி ஒரு வாரம் சர்வீஸில் கிடந்தால் பரவாயில்லை. ஆபீஸ் வண்டி ஒரு வாரம் கிடந்தால் மறுபடியும் பைக்கை எடுத்துவிடுவோம், அதன்பின் சைக்கிள் மாடிப்படிக்கு அடியில்தான் நிற்கும். சைக்கிளை விட்டுவிட்ட பலரையும் கேட்டுப் பாருங்கள். கால் வலி என்று சொல்கிறவர்கள் குறைவு, "ரிப்பேர் ஆச்சு, அப்படியே விட்டுட்டேன்" என்பவர்கள்தான் அதிகம்.

நம் தெருமுனை சைக்கிள் கடையில் என்ன இருக்கும் என்று ஒருமுறை கவனித்துப் பாருங்கள். 18 பல் ஃப்ரீவீல் (பின்சக்கரத்தில் செயின் ஓடுகிற பல்சக்கரம்), கியர் இல்லாத வண்டிக்கான தடித்த செயின், பால்ரஸ், காட்டர் பின், பிரேக் கட்டை, போக்ஸ் கம்பி, வால்வ் டியூப். பிளஸ் ஒன் மாணவர்களுக்கு அரசு தருகிற இலவச சைக்கிள்கள் தமிழ்நாடு முழுக்க ஓடுகின்றன. அவை எல்லாம் ஒற்றை கியர் வண்டிகள், அதாவது மாற்றுவதற்குக் கியர் இல்லாதவை. பால்காரர், பேப்பர் போடுகிறவர், கட்டட வேலைக்குப் போகிறவர் ஓட்டுவதும் அதே வகைதான். அவர்களுக்காகத்தான் அந்தக் கடை நடக்கிறது. நாம் வாங்குகிற வண்டியில் எத்தனை பாகங்கள் அந்தக் கடையோடு ஒத்துப்போகின்றன என்பதை வைத்துத்தான் நான் நான்கையும் பார்த்தேன்.

அப்படிப் பார்த்தால் கருப்பு சைக்கிள்தான் ஜெயிக்க வேண்டும். மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, செயின் கவர், பெல் எல்லாம் வாங்கும்போதே வருகிறது. 28 இன்ச் டயர் எந்தக் கிராமத்திலும் கிடைக்கும். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டலாம், முதுகு வலிக்காது. விலையும் நான்கில் இதுதான் குறைவு. ஆனாலும் நான் இதை எடுக்காததற்குக் காரணம் பிரேக். கம்பி இழுத்து வேலை செய்கிற பிரேக் அது, கட்டை ரிம்மின் உள்பக்கத்தில் போய்ப் பிடிக்கும். ரிம் குரோம் பூசிய இரும்பு. காய்ந்திருக்கும்வரை சரி, நனைந்துவிட்டால் கட்டை வழுக்கிக்கொண்டே போகும், வண்டி நிற்காது. சென்னையில் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை ஓட்ட வேண்டும் என்று நினைப்பவருக்கு, முன்னால் போகிற எம்.டி.சி. பஸ் சட்டென்று நிற்கிற ஊரில், இது விட்டுக்கொடுக்கக்கூடிய விஷயம் இல்லை. இன்னொன்று எடை. 20 கிலோ அளவுக்கு வரும், லிஃப்ட் இல்லாத வீட்டில் முதல் மாடிக்குத் தூக்குவது லேசான வேலை இல்லை. தரைத்தளத்தில் வீடு, மழையில் எடுக்க மாட்டேன், தூரம் மூன்று நான்கு கிலோமீட்டர்தான் என்றால் கருப்பு சைக்கிளைத் தாராளமாக வாங்கலாம்.

எம்டிபி பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். கடையில் முதலில் கண்ணில் படுவது இதுதான், இளைஞர்கள் அதிகம் வாங்குவதும் இதுதான். குறைந்த விலை எம்டிபியில் வருகிற ஷாக் அப்சார்பர் கனமான ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். நாம் எழுந்து மிதிக்கும்போது உள்ளே அமுங்கிக் காலின் சக்தியைக் கொஞ்சம் தின்றுவிடும். ஒரு மழைக்காலம் போனால் அதன் குழாயில் துரு ஏறும், அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் தெருவில் இல்லை. பட்டன் வைத்த டயர் மண்ரோட்டுக்குச் செய்தது, தார் ரோட்டில் இரைச்சலும் இழுவையும்தான் மிச்சம். டிஸ்க் பிரேக் மழையில் நன்றாகப் பிடிக்கும், அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஆபீஸ் ஸ்டாண்டில் பத்து பைக்குகளுக்கு நடுவே நிறுத்தும்போது யாராவது இடித்தால் அந்தத் தகடு வளைந்துவிடும், அப்புறம் சக்கரம் சுற்றும்போதெல்லாம் உரசும்.

கூட வேலை செய்பவர் ஒருவரின் கியர் வண்டி நிறுத்திய இடத்திலேயே சாய்ந்தது. பின் கியர் தொங்குகிற சின்ன அலுமினியத் துண்டு உள்பக்கமாக வளைந்துவிட்டது. கைவிரல் நீளம்கூட இல்லாத துண்டு. பக்கத்துக் கடை மெக்கானிக் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது மாடலுக்கு மாடல் வேற வேற சார், நம்மகிட்ட கிடைக்காது. கம்பெனி ஷோரூம்லதான் கேக்கணும்" என்றார். ஷோரூமில் ஆர்டர் போட்டார்கள், பல வாரம் ஆனது. அதுவரை வண்டி நின்றுகொண்டே இருந்தது. வேலைக்குப் போகிற வண்டியை நிறுத்தக்கூடியவை இந்த மாதிரிச் சின்னத் துண்டுகள்தான்.

இனி ஹைப்ரிட். ஷாக் இல்லாத நேரான ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கிற கவை), 700 அளவு ரிம், 35 மில்லிமீட்டர் அகல வழுவழு டயர், அலுமினிய ரிம்மை இரண்டு பக்கமும் பிடிக்கிற வி-பிரேக். இதிலேயே ஏழு கியர், இருபத்தொரு கியர் வைத்தும் வருகிறது, ஒற்றை கியரிலும் வருகிறது. நான் எடுத்தது ஒற்றை கியர். தெருக்கடையோடு ஒத்துப்போகிற வண்டி, கூடவே மழையில் நிற்கிற பிரேக். இரண்டும் சேர்ந்து கிடைப்பது இந்த ஒன்றில்தான். செயின் சாதாரணத் தடித்த செயின், ஃப்ரீவீல் கருப்பு சைக்கிளுக்குப் போடுகிற அதே மரை. வி-பிரேக் கட்டை இப்போது பெரும்பாலான கடைகளில் இருக்கிறது, மாற்ற ஒரு ஆலன் கீ போதும். மழையில் கட்டை முதலில் ரிம்மில் உள்ள தண்ணீரை வழித்துவிட்டு, அதன்பின் பிடித்துக்கொள்ளும்.

கியர் இல்லாமல் எப்படி என்று கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்றால், பெடலை ஒரு சுற்று மிதித்தால் வண்டி சுமார் 5.3 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 60 சுற்று என்பது மூச்சு வாங்காத மிதி, அதில் மணிக்கு 19 கிலோமீட்டர் கிடைக்கிறது. சென்னை மாதிரித் தட்டையான, சிக்னல் நிறைந்த ஊரில் இதற்கு மேல் வேகம் இருந்தும் பயனில்லை, அடுத்த சிக்னலில் போய் நிற்கத்தான் போகிறோம். மேம்பாலத்தில் மட்டும் எழுந்து நின்று மிதிக்க வேண்டும். கோடையில் மாலை திரும்பும்போது கடல்காற்று முகத்துக்கு நேராக வரும், அப்போது கனமாகத்தான் இருக்கும். அது பிடிக்காதவர்கள் 18-ஐக் கழற்றிவிட்டு 20 பல் ஃப்ரீவீல் போட்டுக்கொள்ளலாம். அதே மிதிக்கு வேகம் 17-க்கு இறங்கும், முட்டிக்கு நல்லது. செயினில் ஒரு கண்ணி கூட்ட வேண்டி வரலாம். பாகத்தின் விலை சில நூறு ரூபாய்க்குள், வேலை அரை மணி நேரம்.

பஞ்சர் ஆனால் நம் மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றுவதே இல்லை. வண்டியைச் சாய்த்து, டயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி, டியூபை உருவி எடுத்துக் காற்றடிப்பார். தண்ணீர்ச் சட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக முக்கிக்கொண்டே வருவார், குமிழி வருகிற இடத்தில் குச்சியால் ஒரு குறி. அந்த இடத்தை அரம் வைத்துத் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காய்ந்து மினுமினுப்பு போகும்வரை காத்திருந்து, துண்டை ஒட்டி, சுத்தியால் இரண்டு தட்டு. டியூபை உள்ளே தள்ளுவதற்கு முன் டயரின் உள்பக்கம் விரலை ஓட்டி ஆணியோ கண்ணாடித் துண்டோ குத்திக்கொண்டிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். பத்துப் பதினைந்து நிமிடத்தில் கிளம்பிவிடலாம். இந்தக் கைவேலை எந்த வண்டிக்கும் நடக்கும். எளிய வண்டிக்கு வேறு எதுவும் வேண்டியதில்லை என்பதுதான் வித்தியாசம்.

ஹைப்ரிட்டில் குறை இல்லாமல் இல்லை. 700 டயர் எல்லாத் தெருக்கடையிலும் கிடைக்காது. 28 இன்ச் கருப்பு சைக்கிள் டயரைப் போட்டுவிடலாம் என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். அந்த ரிம்மின் விட்டம் 635 மில்லிமீட்டர், இது 622. பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் டயர் உட்காராது, கழன்றுவிடும். டியூப் மட்டும் இழுபடும் என்பதால் அவசரத்துக்கு 28 இன்ச் டியூபைப் போட்டு வீடு வந்து சேரலாம். நான் பையில் ஒரு டியூப் வைத்திருக்கிறேன், டயர் தேயத் தொடங்கியதும் முன்கூட்டியே ஒன்று வாங்கி வைத்துவிடுகிறேன். இன்னொரு குறை, மட்கார்டும் கேரியரும் தனியாக வாங்க வேண்டும். ஊட்டி, ஏற்காடு பக்கம் இருப்பவர்கள், ஒரு பக்கமே பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் போகிறவர்கள் ஏழு கியர் ஹைப்ரிட்டை எடுப்பதுதான் சரி. அந்தத் தூரத்தில் ஒற்றை கியரை நான் தினமும் ஓட்டியதில்லை.

பேட்டரி சைக்கிளைப் பற்றி நண்பருடைய வண்டியை ஓட்டிப் பார்த்த அளவில்தான் சொல்கிறேன். மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் 25 கிலோமீட்டருக்குள் என்றால் பதிவும் லைசென்சும் தேவையில்லை. சட்டை நனையாமல் ஆபீஸ் போய்ச் சேரலாம், மே மாதத்தில் இது பெரிய விஷயம். அந்த ஒரு விஷயத்தில் மற்ற மூன்றையும் இது அடித்துவிடும். முட்டிவலி உள்ளவர்களுக்கும் நல்ல வழி. ஆனால் என் கேள்வியை இதனிடம் கேட்டால் பதில் தெளிவாக இல்லை. கன்ட்ரோலர், வயரிங், பேட்டரி எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. தெருக்கடைக்காரர் பஞ்சர் வரை பார்ப்பார், அதற்கு மேல் தொட மாட்டார். சார்ஜ் தீர்ந்தால் 20 கிலோவுக்கு மேற்பட்ட வண்டியை மிதித்துத்தான் வர வேண்டும். உங்கள் பகுதியிலேயே அந்தக் கம்பெனியின் சர்வீஸ் இருந்தால் யோசிக்கலாம்.

சரி, ஹைப்ரிட் எடுத்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் போட வேண்டியவை. முதலில் மட்கார்டு. பாதி மட்கார்டு வேண்டாம், சக்கரத்தை முழுதாக மூடுகிற நீளமானதை வாங்குங்கள். பின்னால் இல்லையென்றால் சட்டை முதுகில் சேற்றுக்கோடு விழும். முன்னால் உள்ளதன் அடியில் ஒரு ரப்பர் ஃப்ளாப் தொங்கினால் ஷூவும் செயினும் தப்பிக்கும். வாங்கும்போதே ஃபோர்க்கின் அடியிலும் பின்சக்கர நட்டுக்குப் பக்கத்திலும் ஸ்க்ரூ ஓட்டைகள் இருக்கின்றனவா என்று குனிந்து பாருங்கள். அவை இல்லாத ஃபிரேமில் மட்கார்டும் கேரியரும் ஆடிக்கொண்டே இருக்கும்.

கேரியர் கட்டாயம் வேண்டும் என்பேன். லேப்டாப் பையை முதுகில் மாட்டினால் சென்னைப் புழுக்கத்தில் முதுகு முழுக்க நனைந்துவிடும். கேரியரில் பக்கவாட்டுப் பை மாட்டினால் பாதி வியர்வைப் பிரச்சினை தீரும். ஒற்றை கியரில் இன்னொரு வசதி, செயின் கவர் போடலாம். பேன்ட் ஓரம் கறையாகாது, செயினில் மழைத்தண்ணீரும் மண்ணும் குறைவாகப் படும். கடைகளில் பழைய இன்ஜின் ஆயிலைச் செயினில் ஊற்றிவிடுவார்கள், அதில் தூசி ஒட்டிக் களிம்பாகிவிடும். துணியால் துடைத்துவிட்டுக் கண்ணிக்கு ஒரு சொட்டு நல்ல எண்ணெய், மேலே வழிவதை மறுபடி துடைத்துவிட்டால் போதும். மழையில் நனைந்த அன்று இதைச் செய்யாவிட்டால் இரண்டே நாளில் துரு தெரியும். திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும்.

லைட்டில் பின்பக்கச் சிவப்புதான் முக்கியம். முன்பக்கம் நிலையான வெளிச்சம், எதிரே வருபவர் கண்ணில் படாமல் கொஞ்சம் கீழே பார்த்திருக்கட்டும். ஹெல்மெட், பெல், வலது பக்கம் ஒரு சின்னக் கண்ணாடி. மூன்றுக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

காற்றுக்கு, பைக் டியூபில் உள்ள மாதிரி வால்வா என்று பாருங்கள். அது இருந்தால் பெட்ரோல் பங்கிலேயே அடித்துக்கொள்ளலாம். 35 மில்லிமீட்டர் டயருக்கு 50 முதல் 60 பி.எஸ்.ஐ. வரை சரியாக இருக்கும், டயரின் பக்கத்திலேயே அளவு அச்சிட்டிருப்பார்கள். காற்று குறைந்தால் மிதி கனக்கும், பள்ளத்தில் ரிம் அடிபட்டுக் கோட்டம் விழும்.

பூட்டு விஷயத்தில், சக்கரத்தை மட்டும் பூட்டுகிற பழைய வகை போதாது. பூட்டிய வண்டியை அப்படியே தூக்கிக்கொண்டு போகலாம். ஃபிரேமையும் பின்சக்கரத்தையும் சேர்த்துத் தூணிலோ கிரில்லிலோ கட்டுகிற தடித்த செயின் பூட்டு வேண்டும். சீட்டும் முன்சக்கரமும் கையால் திருப்பிக் கழற்றுகிற லீவரில் வந்தால், கடையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே இரண்டையும் நட்டு போல்ட்டாக மாற்றித் தரச் சொல்லுங்கள்.