வேலைவாய்ப்புத் தளத்தின் கட்டணச் சந்தா: நெடுநாள் பயன்படுத்தியபின் எழுதுவது

சந்தாத் தொகையைக் குறைத்திருக்கிறார்களே, சேரலாமா என்று வேலை இழந்த நண்பர் ஒருவர் கேட்டதால் இதை எழுதுகிறேன். தேடல் வடிகட்டிகள், சுயவிவரப் பக்கம் முதலியவை எல்லோரும் அறிந்தவை. அவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

என்னை ஓயாமல் வதைத்தது, ஆளே எடுக்காத வேலைகளுக்கான விளம்பரங்கள்தாம். பயனர் கண்ணுக்குத் தெரியாத சேவையகப் பகுதிக்கு நிரல் எழுதும் பின்தளப் பொறியாளர் பணி ஒன்றுக்கு விண்ணப்பித்து, தானியங்கி மறுப்பு மின்னஞ்சலும் வந்து சேர்ந்த பிறகு, அதே விளம்பரம் அதே குறிப்பு எண்ணோடும், மூன்றாவது வரியில் இருந்த அதே எழுத்துப் பிழையோடும், ‘புதியது’ என்ற பச்சைப் பட்டையுடன் மீண்டும் மேலே வந்து நின்றது. விண்ணப்பித்தோர் எண்ணிக்கை மட்டும் முதலிலிருந்து தொடங்கியிருந்தது. இது ஒருமுறை நடந்ததன்று, மாதக்கணக்கில் நடந்தது.

சந்தையின் நிலைக்குத் தளத்தைக் குற்றம் சொல்வது நியாயமாகாது. 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரையும், 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரையும் மைக்ரோசாஃப்ட் 10,000 பேரையும் நீக்குவதாக அறிவித்த பிறகு, அனுபவமுள்ளவர்களே தொடக்கநிலைப் பணிகளுக்கும் போட்டியிடும் நிலை வந்தது. ஒரே சொடுக்கில் விண்ணப்பிக்கும் வசதியால் குவியும் விண்ணப்பங்களைப் பணியமர்த்துவோரால் படித்து முடிக்க இயலாது என்பதும் எனக்குப் புரிகிறது. ஆனால், இடம் காலியாக இருக்கிறதா என்று விளம்பரம் கொடுப்பவரைக் கேட்பதற்கு என்ன தடை? கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2026 ஜனவரி 1 முதல், 25 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்கள் அதைப் பொது விளம்பரத்திலேயே சொல்லியாக வேண்டும். நேர்காணலுக்கு வந்தவருக்கு, முடிவு எடுக்கப்பட்டதா என்பதை 45 நாட்களுக்குள் தெரிவிக்கவும் வேண்டும். சட்டம் கேட்கக்கூடிய ஒன்றை, என்னிடம் மாதந்தோறும் பணம் வாங்கும் தளமும் கேட்கலாம்.

எதிர்பாராத நன்மையும் ஒன்று உண்டு. அறிமுகமில்லாதவருக்குச் செய்தி அனுப்பும் சந்தா வசதியைக் கொண்டு, மென்பொருள்கள் தமக்குள் பணிகளை அனுப்பிக்கொள்ளும் ‘செய்தி வரிசை’யில் ஒரே பணி இருமுறை நிறைவேறுவதைத் தடுப்பது குறித்து விரிவாக எழுதியிருந்த பொறியாளர் ஒருவருக்கு, அவருடைய தீர்வில் எனக்கு எழுந்த ஐயத்தைக் கேட்டு எழுதினேன். வேலையைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. அவர் மறுநாளே பதிலளித்தார். தம் குழுவின் விளம்பரம் நிதி ஒதுக்கீடு நின்றுபோன பின்னும் நீக்கப்படாமல் கிடக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லி, வேறொரு குழுவுக்கு என்னைப் பரிந்துரைத்தார். இன்று நான் பார்க்கும் வேலை அப்படிக் கிடைத்ததுதான்.

இருந்தும் நண்பருக்கு என் பதில், சேர வேண்டாம் என்பதே. இல்லாத வேலைகளுக்காக இரவெல்லாம் விழித்திருந்து நான் திருத்தி எழுதிய விண்ணப்பக் கடிதங்கள் இன்னும் என் கணினியில் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கும்போது அந்தத் தளத்துக்கு இன்னொருவர் பணம் செலுத்த நான் காரணமாக இருக்க மனம் ஒப்பவில்லை. நண்பர் இலவசக் கணக்கிலேயே குழுக்களில் பணிபுரிவோரைக் கண்டறியலாம். நிரலை எவரும் பார்க்கக்கூடிய திறந்த மூல மென்பொருள் திட்டங்களில் அவர்கள் எழுதியவற்றைப் படித்துவிட்டு, அங்கேயே உரையாடலைத் தொடங்கலாம்.