கோ-என்ரோல்மென்ட் சீட் வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால்

டெக்சாஸில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும், ஊரிலிருந்து பிள்ளைகளை இங்கே படிக்க அனுப்ப நினைப்பவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். பல்கலைக்கழகமும் கம்யூனிட்டி காலேஜும் (பெரும்பாலும் இரண்டு வருடப் படிப்புகள் தரும் உள்ளூர் அரசுக் கல்லூரி) சேர்ந்து நடத்தும் கோ-என்ரோல்மென்ட் திட்டத்தில் "சீட் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது பணம் கேட்டால் ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். அந்த இடத்தை யாராலும் வாங்கித் தர முடியாது. எங்களிடம் அப்படிச் சொல்லி ஒரு கன்சல்டன்ட் 4,800 டாலர் வாங்கினார். பணம் போனதைவிட என் மகனுக்கு ஒரு வருடம் போனதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

திட்டத்தின் மேல் எனக்கு எந்தக் குறையும் கிடையாது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் பிளின் காலேஜுடன் சேர்ந்து நடத்தும் 'டீம்', ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகமான யூடி ஆஸ்டின் அங்குள்ள ஆஸ்டின் கம்யூனிட்டி காலேஜுடன் சேர்ந்து நடத்தும் 'பேஸ்' ஆகியவை பலருக்குத் தெரிந்தவை. வேறு இடங்களிலும் இதே மாதிரி உண்டு. பையனோ பெண்ணோ முதல் நாளிலிருந்தே இரண்டு இடத்திலும் மாணவர். பேஸில் முதல் வருடம் செமஸ்டருக்கு ஒரு பாடம் பல்கலைக்கழகத்தில், மீதியெல்லாம் கம்யூனிட்டி காலேஜில். அங்கே கட்டணம் குறைவு, வகுப்புகள் சிறியவை, பேராசிரியரிடம் நேரில் போய்க் கேட்கலாம். கேட்ட மதிப்பெண்ணோடு குறிப்பிட்ட பாடங்களை முடித்தால் பல்கலைக்கழகத்துக்கு முழுதாக மாறிக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் இந்த இரண்டிலும் நேரடியாக விண்ணப்பிக்க வழியே கிடையாது. வழக்கமான விண்ணப்பம் போட்டவர்களிலிருந்து பல்கலைக்கழகமே சிலரைத் தேர்ந்தெடுத்து அழைக்கிறது. அதற்குத் தனி ஃபார்ம் இல்லை, தனிக் கட்டணம் இல்லை, சிபாரிசு இல்லை.

இது தெரியாத பெற்றோர்தான் சீட் வாங்கித் தருவதாகச் சொல்லும் கன்சல்டன்ட்களின் இலக்கு. அந்தப் பதற்றம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 1997இல் வந்த சட்டப்படி, பள்ளி வகுப்பில் முதல் 10 சதவீதத்துக்குள் இருப்பவர்களுக்கு டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் இடம் நிச்சயம். யூடி ஆஸ்டினுக்கு மட்டும் அந்த வரம்பு இறங்கிக்கொண்டே வந்து, 2026 இலையுதிர் காலச் சேர்க்கைக்கு 5 சதவீதம் ஆகிவிட்டது. கேட்டி, ஃபிரிஸ்கோ, பிளேனோ பக்கத்துப் பள்ளிகளில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் அவ்வளவு பேர். பதினொன்றாவது, பன்னிரண்டாவது சதவீதத்தில் நிற்கிற பிள்ளையின் வீட்டில் நவம்பரிலிருந்து யாருக்கும் சரியாகத் தூக்கம் வராது. எங்கள் வீடும் அப்படித்தான் இருந்தது.

அந்தக் கன்சல்டன்ட் தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் ஒருவர் மூலமாக அறிமுகமானார். பெயரை இங்கே எழுதவில்லை. பல்கலைக்கழகத்தின் பெயரும் தேவையில்லை, அவர்கள் எங்களுக்கு ஒரு தவறும் செய்யவில்லை. கட்டுரைகளைத் திருத்துவதற்கும் விண்ணப்பத்தைச் சரிபார்ப்பதற்கும் முதலில் ஒரு தொகை வாங்கினார். அந்த வேலையைச் செய்தார், அதைப்பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. மகன் கேட்டது கம்ப்யூட்டர் சயின்ஸ். அது கிடைக்கவில்லை. பதிலுக்குக் கோ-என்ரோல்மென்ட் அழைப்பு வந்தது. அன்று மாலையே அவர் போன் செய்தார்.

"அக்கா, கவலைய விடுங்க. உள்ளே ஆள வச்சுப் பேசி இந்த சீட்ட நான்தான் எடுத்திருக்கேன். ஒரு வருஷம் கம்யூனிட்டி காலேஜ், அடுத்த வருஷம் தம்பி நேரா கம்ப்யூட்டர் சயின்ஸ்ல உட்காந்துடுவான். சீட் கன்ஃபர்ம் பண்ண இந்த வாரத்துக்குள்ள பணம் போடணும்."

கடிதத்தின் இரண்டாவது பக்கத்தில், இந்த வழியாக வருபவர்களுக்கு எந்தெந்தத் துறைகள் கிடையாது என்று ஒரு வரி இருந்தது. அதில் கம்ப்யூட்டர் சயின்ஸும் இருந்தது. என் கணவர் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பி, "இது என்ன?" என்று கேட்டார். "சார், அது எல்லாருக்கும் போற ஸ்டாண்டர்டு லெட்டர். நம்ம கேஸ் வேற, நான் பேசி வச்சிருக்கேன்" என்று குரல் பதிவில் பதில் வந்தது. அந்தக் குரல் பதிவு இன்னும் எங்களிடம் இருக்கிறது. 4,800 டாலரை, வங்கிக் கணக்கிலிருந்து உடனே பணம் அனுப்பும் ஸெல் (Zelle) வழியாகக் கேட்டார். கிரெடிட் கார்டு வாங்க மாட்டாராம். பிற்பாடு வங்கியில் கேட்டபோதுதான் காரணம் புரிந்தது. கார்டில் கொடுத்திருந்தால் அந்தக் கட்டணத்தை எதிர்த்து முறையிடலாம். ஸெல்லில் நாமே அனுப்பிய பணத்தைத் திரும்ப வாங்குவது ஏறக்குறைய நடக்காத காரியம்.

அதோடு விட்டிருந்தால் பணத்தோடு போயிருக்கும். "கோர்ஸ் பிளானிங் பேக்கேஜுக்குள்ள வருது" என்று சொல்லி இரண்டு காலேஜின் லாகின், பாஸ்வேர்டையும் மகனிடம் வாங்கி, பாடங்களை அவரே பதிவு செய்தார். இங்கே ஃபெர்பா என்று ஒரு சட்டம் 1974இலிருந்து இருக்கிறது. பிள்ளை காலேஜில் சேர்ந்துவிட்டால் அவனுடைய பதிவுகள் அவனுக்குத்தான் சொந்தம், அவன் எழுதிக் கொடுத்தால் ஒழியப் பெற்றோருக்குக் காலேஜ் பொதுவாக ஒன்றும் சொல்லாது. பெற்ற எங்களுக்குத் தெரியாத விவரமெல்லாம் வெளியாள் ஒருவர் கையில் இருந்தது.

அவர் பதிவு செய்தவை மேத் 1325, பிசிக்ஸ் 1401. இதை எழுதும்போதே எனக்குக் கை நடுங்குகிறது. டெக்சாஸ் கம்யூனிட்டி காலேஜ்களுக்குப் பொதுவான பாட எண் முறை ஒன்று உண்டு. முதல் இலக்கம் எந்த வருடத்துப் பாடம், இரண்டாவது இலக்கம் எத்தனை கிரெடிட் என்று அர்த்தம். மேத் 1325 என்பது வணிகம் படிப்பவர்களுக்கான கால்குலஸ். கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் இன்ஜினியரிங்குக்கும் போகிறவர்கள் எடுக்க வேண்டியது மேத் 2413. அதேபோல் பிசிக்ஸ் 1401 இயற்கணிதத்தை வைத்து நடத்துவது, அவர்களுக்கு வேண்டியது கால்குலஸை வைத்து நடத்தும் 2425. இரண்டுக்கும் பெயர் ஒன்று போலவே இருக்கும், எண்ணைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். மகனுக்கே சந்தேகம் வந்து கேட்டிருக்கிறான். "ஜிபிஏ முக்கியம் தம்பி, கஷ்டமானத எடுத்து மார்க்க விட்றாத. எல்லா கிரெடிட்டும் ட்ரான்ஸ்ஃபர் ஆகும்" என்றாராம்.

ட்ரான்ஸ்ஃபர் ஆகும் என்பது உண்மை. அதனால்தான் இந்தப் பொய் இவ்வளவு நன்றாக எடுபடுகிறது. டெக்சாஸில் 42 கிரெடிட் கொண்ட பொதுப்பாடத் தொகுதி ஒன்று எல்லா அரசுக் கல்லூரிகளுக்கும் பொது. ஆங்கிலம், அமெரிக்க வரலாறு, அரசியல் எல்லாம் அதில் அடங்கும். மேத் 1325கூட அதில் கணிதத்துக்குக் கணக்காகிவிடும். ஆனால் ட்ரான்ஸ்கிரிப்ட் என்ற மதிப்பெண் பட்டியலில் ஏறுவது வேறு, படிக்கிற பட்டத்துக்குப் பயன்படுவது வேறு. வருடக் கடைசியில் பல்கலைக்கழக அட்வைசர் என் மகனின் இரண்டு ட்ரான்ஸ்கிரிப்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பட்டத்துக்கு வேண்டிய பாடங்களின் பட்டியலான டிகிரி பிளானைத் திறந்து, ஒவ்வொரு பாடமாகப் பென்சிலால் டிக் போட்டுக்கொண்டே வந்தார். ஆங்கிலம் டிக். வரலாறு டிக். கணிதத்தில் பென்சில் நின்றுவிட்டது. "இதை யார் எடுக்கச் சொன்னது?" என்று மெதுவாகக் கேட்டார். பல்கலைக்கழகத்துக்குள்ளேயே கம்ப்யூட்டர் சயின்ஸுக்குத் துறை மாற விண்ணப்பிக்கவே சரியான கால்குலஸ் முடித்திருக்க வேண்டும், நல்ல மதிப்பெண் இருந்தும் விண்ணப்பத்தை எடுத்துக்கொள்ள முடியாது என்றார். அதன் பிறகும் இடம் உறுதி இல்லை, போட்டிதான் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். அவர் போல முதலிலேயே ஒருவர் உண்மையைச் சொல்லியிருந்தால் போதும்.

இன்னொரு பொய்யையும் சொல்லிவிடுகிறேன். நடுவில் பிசிக்ஸ் பயனில்லை என்று மகனுக்குத் தோன்றியபோது, "ட்ராப் பண்ணிடு, ஒண்ணும் ஆகாது" என்றிருக்கிறார். 2007 இலையுதிர் காலத்திலிருந்து சேர்ந்தவர்கள் டெக்சாஸ் அரசுக் கல்லூரிகளில் மொத்தப் பட்டப்படிப்புக்கும் சேர்த்து ஆறு பாடங்களுக்கு மேல் ட்ராப் செய்ய முடியாது. கம்யூனிட்டி காலேஜில் விட்டதும் அந்த ஆறில் ஒன்று. பட்டத்துக்கு வேண்டியதைவிட 30 கிரெடிட்டோ அதற்கு மேலோ கூடுதலாக எடுத்தால் வெளிமாநில மாணவர் கட்டணமும் விழலாம். தேவையில்லாத பாடம் ஒன்றை எடுப்பது பிள்ளையின் கணக்கில் அப்படியே நிற்கும்.

பேப்பர் வேலையையும் அவர் ஒழுங்காகச் செய்யவில்லை. 22 வயதுக்குக் குறைந்த புது மாணவர்கள் மெனிஞ்சைடிஸ் தடுப்பூசிச் சான்று கொடுக்க வேண்டும். இரண்டு இடத்தில் படித்தால் இரண்டு இடத்திலும் கொடுக்க வேண்டும். கம்யூனிட்டி காலேஜுக்கு மட்டும் ஏற்றிவிட்டு விட்டுவிட்டார். பல்கலைக்கழகத்தில் பாடப் பதிவைத் தடுக்கும் 'ஹோல்ட்' விழுந்து, அது தீர்வதற்குள் அந்த செமஸ்டருக்கு மகன் ஆசைப்பட்ட ஒரே பல்கலைக்கழக வகுப்பும் நிரம்பிவிட்டது.

ஃபாஃப்சா என்ற விண்ணப்பம் போட்டுக் கேட்கும் அரசு உதவித்தொகை விஷயத்திலும் இப்படித்தான். "ஃபாஃப்சாவில ரெண்டு காலேஜையும் போட்டா ரெண்டு பக்கமும் காசு வரும்" என்றார். கிரீன் கார்டு குடும்பங்களுக்கு இது நேரடியாக உதைக்கும் விஷயம். ஒரே காலகட்டத்துக்கு மத்திய அரசு உதவி ஒரு கல்லூரியிலிருந்துதான் வரும். இரண்டு கல்லூரிக்கும் இடையே கன்சார்ட்டியம் ஒப்பந்தம் இருந்தால் இரண்டு பக்கத்து கிரெடிட்டையும் கூட்டி ஒரு கல்லூரி கணக்கிடும். அது இல்லாவிட்டால், உதவி தரும் கல்லூரியில் எடுத்த பாடங்கள் மட்டும்தான் கணக்கு. அங்கே அரை நேர அளவான 6 கிரெடிட்டுக்குக் கீழே போனால் மத்திய அரசுக் கடனும் கிடையாது. எந்தக் கல்லூரி 'ஹோம்' என்று இரண்டு நிதி அலுவலகங்களிலும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது ஏன் இதை எழுதுகிறேன் என்றால், அதே நபர் இந்த வருடம் கோயம்புத்தூர், சென்னைப் பெற்றோருக்கு ஜூம் கூட்டம் போட்டு, "கம்யூனிட்டி காலேஜ் வழியா பெரிய யுனிவர்சிட்டி, விசாவும் ஈசி" என்று பேசிக்கொண்டிருக்கிறார். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வரும் பிள்ளைகளுக்கு ஆபத்து இன்னும் பெரிது. ஒரே சமயத்தில் இரண்டு கல்லூரிகளில் படிக்க விதி இடம் கொடுக்கிறது. ஆனால் இரண்டும் மாணவர் விசாவுக்கு அனுமதி பெற்ற கல்லூரிகளாக இருக்க வேண்டும், கூட்டினால் முழுநேரப் படிப்பு ஆக வேண்டும், பட்டம் எந்தக் கல்லூரி தருகிறதோ அதுதான் விசாவுக்கு வேண்டிய ஐ-20 படிவத்தைத் தர வேண்டும். இளநிலைப் படிப்புக்கு வழக்கமாக 12 கிரெடிட் முழுநேரம். அதில் ஆன்லைன் வகுப்பு ஒன்று, 3 கிரெடிட் வரைதான் கணக்கில் வரும். இதைத் தெரியாமல் ஆன்லைன் பாடங்களாக அள்ளிப் போட்டால் பிள்ளையின் விசா நிலையே போய்விடும். அங்கே கடன் வாங்கி, நகை வைத்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது போய்ச் சேர வேண்டும்.

அழைப்புக் கடிதம் வந்திருந்தால், எந்தத் துறைகளுக்கு மாறலாம், எந்தத் துறைகளுக்கு முடியாது என்பதைப் பல்கலைக்கழக அட்வைசரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். பிள்ளையே கேட்கட்டும், பதில் அவன் பெயரில் வரட்டும். பாடங்களைப் பதிவதற்கு முன்னால் டிகிரி பிளானைத் திறந்து, கம்யூனிட்டி காலேஜ் பாட எண்ணை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். அட்வைசருக்குத் தனிக் கட்டணம் கிடையாது, அது அவருடைய வேலை. பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "நான் குடுத்தது ஆலோசனை மட்டும்தான், முடிவு உங்களோடது" என்று எழுதினார். அப்புறம் எங்கள் எண்ணைத் தடை செய்துவிட்டார். டெக்சாஸில் ஏமாற்று வணிகத்துக்கு எதிரான டிடிபிஏ சட்டம் இருக்கிறது. வழக்குக்கு முன்னால் 60 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்ப வேண்டும். எங்களுடையதைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டோம், குரல் பதிவின் எழுத்து வடிவத்தையும் இணைத்திருக்கிறோம். பதில் வராவிட்டால் ஜஸ்டிஸ் கோர்ட்டுக்குப் போகிறோம். 20,000 டாலர் வரைக்குமான வழக்கை அங்கே வக்கீல் இல்லாமலே போடலாம். மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்திலும் நுகர்வோர் புகார் பதிந்தாயிற்று. இதே மாதிரி பணம் கொடுத்தவர்கள் வாட்ஸ்அப் செய்திகளையும் ஸெல் ரசீதையும் அழித்துவிடாதீர்கள். டிடிபிஏ வழக்குக்கு பொதுவாக இரண்டு வருடம்தான் அவகாசம்.